காசுக்குத்தான் வாசிக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு?

வயதான ராக் கலைஞர்கள் பணத்துக்காகத்தான் வாசிக்கிறார்கள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மேலே பேசுவது சுலபம்.

என் அக்கா மகன் பெங்களூருவில் வேலை பார்க்கிறான். ராக் இசை கேட்கும் பழக்கத்தை அவனுக்கு ஏற்படுத்தியது நான்தான். சமீபத்தில் போனில் பேசும்போது, "மாமா, எழுபத்தஞ்சு எண்பது வயசுல இவங்க இன்னும் ஊர் ஊரா சுத்துறது காசுக்குத்தானே? பேசாம வீட்ல இருக்கலாம்ல?" என்றான். ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ, ஈகிள்ஸ், பிளாக் சாபத் என்று ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் 'காசு' என்று அவன் சொன்ன விதத்தில் ஓர் இளப்பம் இருந்தது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

நான் திருநெல்வேலிப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிடார், அதாவது கனத்த கீழ்ச்சுருதி கிடார், வாசித்தவன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, பொருட்காட்சி என்று எல்லா மேடையும் ஏறியிருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒருத்தன் கச்சேரி முடித்துவிட்டு வந்தால் "காசுக்காகவா வாசிச்சே?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "பேசின காசைக் குடுத்தாங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஒரு கொடையில் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. விழாக் கமிட்டி பாடகருக்கு முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, பின்னால் நின்று வாசித்த எங்களுக்குப் பாதிதான் தந்தது. பாதிப் பணம் போனதைவிட, அந்தப் பிரிப்பு எனக்கு வருஷக்கணக்கில் உறுத்தியது. மழை எல்லோர் மேலும்தானே பெய்தது? பழைய ராக் குழுக்களின் சண்டைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வரும்.

சரி, முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1980கள் வரை பெரிய குழுக்களுக்குக்கூட சுற்றுப்பயணம் என்பது புது ஆல்பத்துக்கு விளம்பரம் மாதிரித்தான். இசைத்தட்டு விற்பனையில்தான் வருமானம். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு ஏற்பாட்டாளர், ஒவ்வொரு கணக்கு. 1989-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் அமெரிக்கப் பயணத்தை மைக்கேல் கோல் என்ற கனடாக்காரர் மொத்தமாகக் குத்தகை எடுத்தார். 6 கோடி டாலருக்கும் மேல் உறுதித்தொகை. டிக்கெட், டீ-ஷர்ட், விளம்பரதாரர், தொலைக்காட்சி உரிமை எல்லாம் ஒரே கையில். ஊர் ஊராகப் பேரம் பேசிக்கொண்டிருந்த தொழில் அன்றைக்கு வேறு தொழிலாக மாறியது. அதே குழு 2005 முதல் 2007 வரை நடத்திய பயணத்தில் 55 கோடி டாலருக்கும் மேல் வசூல்.

அப்புறம் இணையம் வந்தது. அமெரிக்காவில் 1999-இல் இசைப்பதிவு விற்பனை 1,460 கோடி டாலர். 2014 வாக்கில் அதில் பாதிகூட இல்லை. பாடகர் டேவிட் போவி 2002-லேயே இதைச் சொல்லிவிட்டார். குழாயில் வரும் தண்ணீர், மின்சாரம் மாதிரி இசையும் ஆகிவிடும், இசைக்கலைஞர்கள் நிறையச் சுற்றுப்பயணம் போகத் தயாராகிக்கொள்ளுங்கள் என்றார். அப்படியேதான் நடந்தது. ஒரு பாட்டை ஆயிரம் தடவை ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலும் கலைஞனுக்குச் சேர்வது சில்லறை. நேரில் நின்று வாசித்தால்தான் பணம். அந்தக் குழுக்களைப் பதினைந்து வயதில் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இப்போது அறுபது வயது. கையில் பணம் இருக்கிறது, பழைய பாட்டை நேரில் கேட்கும் ஆசையும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஸ்டேடியம் நிறையத்தான் செய்யும்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 1996-இல் மறுபடி ஒன்றுசேர்ந்தபோது பயணத்துக்கே 'அசிங்கப் பணம்' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். எங்களைச் சேர்த்துவைத்த பொது நோக்கம் உங்கள் பணம் என்று பத்திரிகையாளர்களிடம் அதன் பாடகர் ஜான் லைடன் நேராகவே சொன்னார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

என் அக்கா மகன் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பணம் யார் யாருக்கு எவ்வளவு போகிறது? அதைப் பார்த்தால்தான் யார் எதற்காக மேடை ஏறுகிறார்கள் என்பதே விளங்கும்.

ஒரு பாட்டிலிருந்து இரண்டு வழிகளில் பணம் வரும். பதிவு செய்த ஒலிக்கு ஒன்று, பாட்டை இயற்றியதற்கு ஒன்று. குழுவில் நாலு பேர் வாசித்திருந்தாலும், இயற்றியவர் என்று யார் பெயர் போட்டிருக்கிறதோ அவருக்குத்தான் இரண்டாவது பணம். வானொலியில் ஒலித்தாலும், விளம்பரத்தில் வந்தாலும், வேறொருவர் அதே பாட்டைப் பாடிப் பதிவு செய்தாலும் அவர் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். டிரம்ஸ்காரரும் பேஸ்காரரும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு மேடைதான் சம்பளம். மேடை நின்றால் சம்பளமும் நின்றது.

தி ஹூ குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாட்டுகள் பீட் டவுன்ஷெண்ட் எழுதியவை. பேஸ் வாசித்த ஜான் என்ட்விஸ்டில் எழுதியவை சிலதான். பேஸ் கிடாரை இப்படியும் வாசிக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். மேடையில் மற்ற மூன்று பேரும் குதித்துக்கொண்டிருப்பார்கள், கிடாரை உடைப்பார்கள், மைக்கைச் சுழற்றுவார்கள். இவர் ஒரு ஓரத்தில் அசையாமல் நிற்பார். விரல்கள் மட்டும் ஓடும். நான் பேஸ் எடுத்ததற்கே அந்த விரல்கள்தான் காரணம். கிடார் வாசிப்பவர்கள் சொல்லவேண்டியதை அவர் பேஸில் சொல்லிக்கொண்டிருப்பார், ஆனால் பின்னால் இருக்கும் அடித்தளம் ஒரு நொடிகூட ஆட்டம் காணாது. பெரிய வீடு, நூற்றுக்கணக்கில் கிடார்கள், தாராளமான செலவு. வருமானம் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. பிற்காலத்தில் குழு மறுபடி மறுபடி ஒன்றுசேர்ந்ததற்கு அவருடைய பண நெருக்கடியும் ஒரு காரணம் என்பதைக் குழுவினரே மறைக்கவில்லை.

2002 ஜூன் 27. அமெரிக்கப் பயணம் தொடங்குவதற்கு முந்தின நாள், லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறையில் என்ட்விஸ்டில் இறந்துகிடந்தார். வயது 57. ஜூலை 1-ஆம் தேதி 'ஹாலிவுட் போல்' என்ற அரங்கில் பீனோ பல்லடீனோ என்ற வேறொரு பேஸ்காரரை வைத்துக்கொண்டு பயணம் தொடங்கிவிட்டது. நான்கே நாள். அன்றைக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அந்தப் பயணத்தை நம்பி லாரி ஓட்டுபவர், விளக்கு கட்டுபவர், ஒலி பார்ப்பவர் என்று எத்தனை குடும்பங்கள் இருந்திருக்கும்! எங்கள் குழுவிலும் அப்படித்தான். ஒருத்தர் வீட்டில் துக்கம் என்றால் வேறொருத்தரை அனுப்பிவிட்டுத்தான் துக்கத்துக்குப் போக முடியும். அடுத்த வருஷம் என்ட்விஸ்டிலின் கிடார்களை லண்டனில் சோத்பீஸ் ஏலம் விட்டது. அந்த ஏலப் பட்டியலை என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

இன்னொருத்தர் லெவன் ஹெல்ம். தி பேண்ட் குழுவின் டிரம்ஸ்காரர், அருமையான பாடகர். அந்தக் குழுவின் பாட்டுகள் பெரும்பாலும் கிடாரிஸ்ட் ராபி ராபர்ட்சன் பெயரில் பதிவாகியிருந்தன. எல்லோரும் சேர்ந்து உருவாக்கியதுதானே என்பது ஹெல்மின் மனத்தாங்கல். ராபர்ட்சன் அதை ஏற்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த நட்பு அதோடு போயிற்று. 1998-இல் ஹெல்முக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சையில் உயிர் தப்பினார், குரல் போய்விட்டது. மருத்துவச் செலவில் வீடே கைவிட்டுப் போகும் நிலை. நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் பக்கம் அவருடைய வீட்டோடு சேர்ந்த மரக்கொட்டகை ஒன்று இருந்தது. அதையே அரங்காக்கி, 2004 முதல் சனிக்கிழமை இரவுகளில் கச்சேரி நடத்த ஆரம்பித்தார். வருகிறவர்கள் டிக்கெட்டும் எடுப்பார்கள், வீட்டில் சமைத்ததையும் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். டிரம்ஸுக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்கலாம். கடன் அடைக்கத் தொடங்கிய கச்சேரி, இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் முதலில் டிரம்ஸ் மட்டும் வாசித்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திரும்பியது. பழைய வழவழப்பு இல்லை, கரகரத்த குரல். அந்தக் குரலில் பாடிய ஆல்பத்துக்கு 2008-இல் கிராமி விருது. 2012-இல் இறக்கும்வரை அந்தக் கொட்டகையில் கச்சேரி நடந்தது. பணமா, இசையா என்று இவரிடம் போய் யார் பிரித்துக் கேட்பது?

ஈகிள்ஸ் கதை வேறு மாதிரி. 1980-இல் பிரிந்தவர்கள், நரகம் உறைந்தால்தான் ஒன்றுசேர்வோம் என்று குழுவின் டிரம்ஸ்காரரும் பாடகருமான டான் ஹென்லி சொன்னதாகச் சொல்வார்கள். 1994-இல் சேர்ந்தார்கள். டிக்கெட் விலை நூறு டாலரைத் தாண்டியது. ராக் கச்சேரிக்கு அது அன்றைக்கு நினைத்தே பார்க்க முடியாத விலை. அதைவிட முக்கியமானது உள்ளே நடந்தது. முன்பு சமமாகப் பிரித்த பணத்தில் இனி ஹென்லிக்கும் கிளென் ஃப்ரைக்கும் கூடுதல் பங்கு என்று ஆனது. கிடாரிஸ்ட் டான் ஃபெல்டர் கணக்குக் கேட்டார். 2001-இல் குழுவை விட்டு நீக்கினார்கள். வழக்கு போட்டார், 2007-இல் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. அந்தக் குழுவின் மிகப் புகழ்பெற்ற பாட்டின் இசைக்கு விதை போட்டவர் ஃபெல்டர்தான். இன்றைக்கும் அது அவர் இல்லாமல் மேடையில் ஒலிக்கிறது.

நேர் எதிராக ஆர்.இ.எம். குழு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் ஊர்க்காரர்கள். யார் எழுதினாலும் நாலு பேர் பெயரும் போடுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். 2011-இல் சண்டை சச்சரவில்லாமல் குழுவைக் கலைத்தார்கள். 2024 ஜூனில் ஒரு விருது விழாவில் ஒரே ஒரு பாட்டுக்கு நாலு பேரும் சேர்ந்து நின்றார்கள். மறுபடி ஒன்றுசேர என்ன வேண்டும் என்று தொலைக்காட்சியில் கேட்டதற்கு, வால்நட்சத்திரம் வந்தால் பார்க்கலாம் என்றார் பேஸ்காரர் மைக் மில்ஸ். சமமாகப் பிரித்துக்கொண்டவர்களுக்கு, பழைய கணக்கைத் தீர்க்க வயதான காலத்தில் மேடை ஏற வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது என்று நான் நினைக்கிறேன். யூ2 குழுவும் சமமாகத்தான் பிரித்துக்கொள்கிறது, அவர்கள் இன்னும் வாசிக்கிறார்கள். அதனால் இதை விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டு குழுக்களிலும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறார்கள்.

பணம் மட்டுமே காரணம் என்றால் பதில் சொல்ல முடியாத ஆட்களும் இருக்கிறார்கள். லெட் செப்பெலின் 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் ஒரே ஒரு கச்சேரி செய்தது. அரங்கில் இருபதாயிரம் பேருக்குள்தான் இடம். டிக்கெட் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 2 கோடி என்றார்கள். அதற்குப்பின் உலகத்தைச் சுற்றியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்! ஜிம்மி பேஜும் ஜான் பால் ஜோன்ஸும் தயாராக இருந்தார்கள், வேறு பாடகர்களை வைத்து ஒத்திகைகூடப் பார்த்தார்கள். பாடகர் ராபர்ட் பிளான்ட் மட்டும் வரவில்லை. அவர் அந்தச் சமயத்தில் அலிசன் கிராஸ் என்ற நாட்டுப்புறப் பாடகியோடு, குரலை அடக்கி, மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். கத்திப் பாடிய இருபது வயதுப் பையனாக நடிக்க அவருக்கு விருப்பமில்லை. பிங்க் ஃபிளாய்டும் அப்படித்தான். 2005 ஜூலை 2-இல் வறுமைக்கு எதிரான லைவ் 8 கச்சேரி மேடையில் நாலு பேரும் சேர்ந்து வாசித்த பிறகு பெரும் தொகைகள் பேசப்பட்டன. கிடாரிஸ்ட் டேவிட் கில்மோர் மறுத்துவிட்டார். அவர் 2019-இல் தன் கிடார்களை ஏலம் விட்டு, வந்த 2 கோடி டாலருக்கும் மேலான தொகையைப் பருவநிலை வழக்குகள் நடத்தும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தவர்.

இந்த மறுப்புகளை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். மறுத்த இருவருமே நிறையப் பாட்டுகளில் தங்கள் பெயரைப் போட்டிருந்தவர்கள். வேண்டாம் என்று சொல்லும் வசதி அவர்களுக்கு இருந்தது. டிக் டேல் என்ற கிடாரிஸ்டுக்கு அந்த வசதி இல்லை. அறுபதுகளில், கடலலைச் சறுக்கு விளையாட்டையொட்டிப் பிறந்த சர்ஃப் இசையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். எழுபத்தெட்டு வயதில், மலப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு அமெரிக்கா முழுக்கச் சின்னச் சின்ன அரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்தார். மருத்துவச் செலவுக்கு மாதம் 3,000 டாலர் தேவைப்படுகிறது, வாசிக்காவிட்டால் உயிரோடு இருக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2019-இல் இறந்தார். காசுக்காக வாசித்தார் என்று அவரை இளப்பமாகச் சொல்ல எந்த வாய் வரும்?

ரோலிங் ஸ்டோன்ஸுக்குப் பணத்தேவை கிடையாது. 2003 ஏப்ரலில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தார்கள், அன்றைக்கு எனக்கு ஒரு கல்யாண வரவேற்பு, போக முடியவில்லை. பாடகர் மிக் ஜாகருக்கு 2019 ஏப்ரலில் இதய வால்வு சிகிச்சை, ஜூனில் சிகாகோ மேடையில் ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் குழுவில் பிடித்தவர் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ். ஊர் சுற்றுவதே அவருக்குப் பிடிக்காது. 1967-லிருந்து தான் தூங்கிய ஒவ்வொரு ஹோட்டல் படுக்கையையும் நோட்டில் வரைந்துவைத்தார். அப்படியும் 2019 வரை ஒவ்வொரு பயணத்துக்கும் போனார். 2021 ஆகஸ்டில் இறந்தார். அடுத்த மாதம் செயின்ட் லூயிஸில் பயணம் மறுபடி தொடங்கியபோது, முதலில் வெறும் மேடை, டிரம்ஸ் ஒலி மட்டும், திரையில் வாட்ஸின் படங்கள். அதன் பிறகுதான் குழு வந்தது.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது பொய்யான விடைபெறல். இதுதான் கடைசிப் பயணம் என்று அறிவித்து, ரசிகனைக் கடன் வாங்கியாவது டிக்கெட் எடுக்க வைத்து, சில வருஷத்தில் மறுபடி வந்து நிற்பது. தி ஹூ 1982-இல் விடைபெற்றது, 1989-இல் வந்தது. கிஸ் குழு 2000-இல் விடைபெற்றது, உண்மையில் மேடையை விட்டது 2023 டிசம்பரில். அன்றைக்கே இனி கணினி உருவங்கள் எங்களுக்குப் பதில் வாசிக்கும் என்று அறிவிப்பும் வந்தது. பழைய ஆள் ஒருத்தர்கூட மேடையில் இல்லாமல் பெயரை மட்டும் வைத்து ஊர் சுற்றும் குழுக்களும் இருக்கின்றன. அப்புறம் டிக்கெட் விலை. 2022-இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்குக் கூட்டம் ஏற ஏற விலை ஏறும் முறையில் சில இடங்கள் 5,000 டாலர் வரை போயின. தொழிலாளிகளைப் பற்றி ஐம்பது வருஷம் பாடியவர் கச்சேரிக்கு ஒரு தொழிலாளி போக முடியாது என்றால், அங்கே ரசிகன் கோபப்படுவது நியாயம். கலைஞன் சம்பாதிக்கட்டும், ஆனால் கேட்க வருகிறவனை அழவிடக் கூடாது.

இப்போது பிளாக் சாபத். என் அக்கா மகனிடம் நான் போனில் சொல்லி முடிக்காதது இதுதான்.

பர்மிங்காமில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் வளர்ந்த நாலு பேர். கிடாரிஸ்ட் டோனி ஐயோமி பதினேழு வயதில் தகரப் பட்டறையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் மாட்டி, வலது கையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கையே அதுதான். பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலின் பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டு, கம்பியை மெலிதாக்கி, பின்னால் சுருதியையும் இறக்கி வாசித்தார். அந்தக் கனத்த ஒலியில் பாதி அந்தப் பட்டறையிலிருந்து வந்தது. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஆரம்ப கால ஆல்பங்களில் பாட்டுகளுக்கு நாலு பேர் பெயரும் இருந்தது. ஆனாலும் பெரிய பணம் அவர்கள் கைக்கு ஒழுங்காக வரவில்லை. 1975 ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஒரு பக்கம் பழைய மேலாண்மையோடு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2009-இல் குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஆஸி ஐயோமி மேலேயே வழக்குப் போட்டார்.

2011 நவம்பரில் நாலு பேரும் சேர்கிறோம் என்று அறிவித்தார்கள். 2012 தொடக்கத்தில் டிரம்ஸ்காரர் பில் வார்டு, கையெழுத்துப் போட முடியாத ஒப்பந்தம் தருகிறார்கள் என்று விலகினார். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவன் என்ற மரியாதை அதில் இருக்க வேண்டும், அதுதான் நான் கேட்பது என்று எழுதினார். அவருக்கு உடம்பு ஒத்துழைக்காது என்பது ஆஸி பின்னால் சொன்ன காரணம். எது எவ்வளவு உண்மையோ, அவர் இல்லாமலே 2013-இல் ஆல்பம் வந்தது, முதலிடமும் பிடித்தது. ஐயோமிக்கு அப்போது நிணநீர்ப் புற்றுநோய். சிகிச்சைத் தேதிகளை முதலில் குறித்துக்கொண்டு, நடுவில் கிடைத்த வாரங்களில்தான் கச்சேரிகளை வைத்தார்கள். 2017 பிப்ரவரி 4-இல் பர்மிங்காமில் முடித்தார்கள். வார்டு அங்கேயும் இல்லை.

2025 ஜூலை 5. அதே ஆஸ்டனில் வில்லா பார்க் கால்பந்து மைதானம். சின்ன வயதில் ஆட்ட நாட்களில் அங்கே நிறுத்திய கார்களுக்குக் காவல் நின்று சில்லறை வாங்கியதாக ஆஸி சொல்லியிருக்கிறார். பார்க்கின்சன் நோயால் நடக்க முடியாத ஆஸிக்கு அதுதான் கடைசிக் கச்சேரி. லாபம் பார்க்கின்சன் அமைப்புக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கும் என்று அறிவித்திருந்தார்கள். மெட்டாலிகா முதல் கன்ஸ் அண்ட் ரோசஸ் வரை பகல் முழுக்க வாசித்தார்கள். நான் காசு கட்டி இணையத்தில் பார்த்தேன். சாபத் வந்தபோது நமக்கு ஞாயிறு விடியப்போகிறது.

ஆஸி கருப்பு நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை, கைகளால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உடம்பை முன்னால் தள்ளுகிறார். குரல் சில இடங்களில் பிசிறியது. கண்கள் மட்டும் பழைய பைத்தியக்காரத்தனத்தோடு உருண்டன. பின்னால் டிரம்ஸில் பில் வார்டு. ஆஸியோடு அதே மேடையில் நாலு பேராக நின்று இருபது வருஷம் ஆகியிருந்தது. நாலு பாட்டுதான். அதில் ஒன்று பேஸ் மட்டும் தனியாகத் தொடங்கும் பாட்டு. பேஸ்காரர் கீசர் பட்லர் அந்தத் தொடக்கத்தை வாசித்தபோது நான் என் பேஸை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன், ஆம்ப் போடாமல் கூடவே வாசித்தேன். வார்டின் வேகம் குறைந்திருந்தது, சில இடங்களில் தடுமாறினார். ஆனால் அடிக்கு நடுவில் அவர் விடும் அந்த ஊசலாட்டம், ஜாஸ் கேட்டு வளர்ந்தவரிடம் மட்டுமே வரும் அந்தத் தளர்வு, அவருக்குப் பதிலாக வந்த எந்த நல்ல டிரம்ஸ்காரரிடமும் நான் கேட்டதில்லை.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-இல் ஆஸி இறந்தார்.

2012-இல் கோடிக்கணக்கில் வசூலாகும் பயணத்துக்கு வராத பில் வார்டு, லாபம் தானத்துக்குப் போகும் கச்சேரிக்கு வந்தார். என் அக்கா மகனுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த ஒரு மனிதரைத்தான். அவர் பணத்தாசை பிடித்தவரா, பணம் வேண்டாம் என்பவரா? இரண்டும் இல்லை. பங்கு கேட்ட இடத்தில் சரியான பங்கு வேண்டும் என்றார், பங்கே இல்லாத இடத்தில் சும்மா வந்து வாசித்தார். கொடை மேடையில் பாதிப் பணத்தோடு இறங்கிய எனக்கு அது சுலபமாகப் புரிகிறது. அதே மேடையில் எங்கள் குழுவில் ஒருத்தர் மகளின் சிகிச்சைக்கு நிதி திரட்ட ஒரு கச்சேரி செய்தோம், ஒருத்தரும் பஸ் காசுகூட வாங்கவில்லை. மழையில் பாதி கொடுத்த கமிட்டி மறு வருஷமும் வாசிக்கக் கூப்பிட்டது, யாரும் போகவில்லை.

அவன் தீபாவளிக்கு ஊருக்கு வருகிறான். வில்லா பார்க் கச்சேரியில் வார்டு வாசித்ததை அவனோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும், ஹெட்போனில் அல்ல, பெரிய ஸ்பீக்கரில்.